மிக்கேல் அண்ணாச்சி வாசித்த நீண்ட முன்னிசை

"மிக்கேல் அண்ணாச்சி போயிட்டாருலே. சாயங்காலம் எடுக்குதோம். நீ வருவியா?"

தருவைகுளம் கடற்கரையில் வலையிலிருந்து நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பேண்டு செட்டில் டிரம் அடிக்கும் செல்வம் போனில் கேட்டான். நியாயமான கேள்விதான். அவர் முன்பல்லை உடைத்தவன் நான் என்பது ஊர்க்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாட்டு தொடங்குமுன் வாசிக்கும் முன்னிசையில்தான் அவருடைய டிரம்பெட்டுக்கு உயிர். கோயிலில் அதைக் கேட்டதும் ஜனம் எழுந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும். கல்யாணத்தில் பெண் நடக்கத் தொடங்குவாள். சாவு வீட்டில் மட்டும் யாரும் அசையக் கூடாது. முன்னிசை முடிந்து பாட்டு ஆரம்பித்த பிறகே பெட்டியைத் தூக்குவோம். "அவசரப்படாதீங்கலே. இது பாட்டு இல்ல, பாட்டுக்கு முன்னால உங்களுக்குத் தார நேரம்" என்று அதட்டுவார்.

பல வருஷத்துக்கு முன், கடலில் வலைத் தகராறில் என் அண்ணனை ஒருவன் வெட்டிப்போட்டான். வெட்டியவன் ஓடிவிட்டான். ஊரில் இருந்தது அவன் தம்பி சூசை, சண்டைக்குச் சம்பந்தமே இல்லாதவன். அண்ணனின் பெட்டி அவன் வீட்டைக் கடக்கும்போது இறக்கிவைத்துவிட்டு, உள்ளே புகுந்து அவனை வெட்டுவதென்று நானும் மச்சானும் முடிவு செய்திருந்தோம். மூடியின் மேல் குவிந்த பூவுக்கு அடியில் அரிவாள்கள் கிடந்தன. மாலை வைக்கக் குனிந்த அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

செல்வத்தின் காதில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். முன்னிசை முடியவே இல்லை. முடியும் இடத்துக்கு வந்து மறுபடி முதலுக்கே போனார்.

"பாட்டை எடும்வே!" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். டிரம்பெட்டைத் தட்டிவிட்டு வாயில் குத்தினேன். பல் தெறித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். மச்சான் அவர் முதுகில் மிதித்தான். முழங்காலில் விழுந்தும் ஊதினார். காற்றும் ரத்தமும்தான் வந்தன. அப்படியும் பெட்டியைத் தொட ஒருவனுக்கும் கை வரவில்லை. போலீஸ் வண்டி வந்து நின்ற பிறகுதான் நிறுத்தினார்.

அதன் பிறகு அவர் உதட்டில் டிரம்பெட் நிற்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஜெயிலிலிருந்து வந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். "சூசை உசிரோட இருக்கான்லா? போய்க் கஞ்சியக் குடிலே" என்றார்.

அடக்கத்தன்று அவருக்கு வாசித்த முன்னிசை சின்னதுதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, வலது கை விரல்முட்டியில் அவர் பல் பதிந்த தழும்பு. அந்தக் கையால்தான் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கம் பிடித்தவன் சூசை. அவனுக்குத் தலை நரைத்துவிட்டது.