பதினாலு நாள், ஏழு புள்ளி

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், என்னைத் தவிர. எனக்கு அருகதை கிடையாது. ஆனால் மற்றவர்கள் எழுதினால் அதில் நான் நல்லவனாக வந்துவிடுவேன். அந்தக் கண்றாவி வேண்டாம் என்றுதான் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

மாமாவுக்கு பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலை. சக்கரத்தைக் கழற்று, பேரிங்கைப் பார், கிரீஸ் வை, மாட்டு. ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தகர ஷெட் போட்டு, எங்களைப் போன்ற பைத்தியங்களின் கார்களைப் பார்த்துக்கொடுத்தார். பைத்தியம் என்பது என் மனைவி வைத்த பெயர். வாரமெல்லாம் ஆபீசுக்கு ஓட்டுகிற காரையே ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோய், சுற்றிச் சுற்றி விரட்டி, டயரைத் தேய்த்துக்கொண்டு வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ட்ராக்கில் மாமாவுக்கு ஒரு ஆரஞ்சு மேல்சட்டை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு அவர் தலையை ஆட்டினால்தான் எந்தக் காரும் உள்ளே போகலாம். சனிக்கிழமை சாயங்காலமே அதை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிடுவார்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு மடிப்பு நிக்கல," என்பாள் அக்கா.

"அன்னிக்கு யாரும் என்னை நம்பி நூத்தம்பதுல போகலையே," என்பார் மாமா.

பேரிங் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம். "ரோட்டுல ஓடுற வண்டியா, சத்தம் கேட்டதும் மாத்து. ட்ராக் வண்டியா, சத்தத்துக்குக் காத்திருக்காத. அது கத்துறப்ப நீ ஆஸ்பத்திரில கத்திக்கிட்டு இருப்ப." வளைவில் வண்டியின் பாரமெல்லாம் ஒரு பக்கச் சக்கரத்தின் தலையில் விழும், பிரேக் சூட்டில் கிரீஸ் உருகி ஓடும். அதனால் நாள் கணக்குதான். ட்ராக்கில் ஓட்டிய ஒவ்வொரு நாளுக்கும் மட்கார்டின் உட்புறம் ஒரு வெள்ளைப் பெயின்ட் புள்ளி. பத்தாவது புள்ளி விழுந்தால், ஆடினாலும் ஆடாவிட்டாலும் பேரிங் குப்பைக்கு. புள்ளியை வைக்க வேண்டியது ஓட்டினவன். 'உண்மையாவா?' என்று மாமா ஒருநாளும் ஒருவனையும் கேட்டதில்லை. ட்ராக்கில் எல்லாருக்கும் அவர் 'புள்ளி மாமா'.

என் வீட்டில் இந்தப் புள்ளிக்கு இன்னொரு ரசிகை இருந்தாள். மாதம் ஒரு தடவைதான் ட்ராக் என்று மனைவியிடம் நான் சத்தியம் செய்திருந்தேன். அவள் லேசுப்பட்டவளா? டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து எண்ணுவாள். "போன மாசம் அஞ்சு, இப்ப ஆறு. சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

எனக்கு மாதம் ஒன்று போதவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வார நாட்களில் கம்பி நீட்ட ஆரம்பித்தேன். அந்த நாட்களில் மாமா ட்ராக்குக்கு வரமாட்டார், வண்டியை யாரும் சோதிக்கவும் மாட்டார்கள். புள்ளி வைத்தால் மனைவிக்குத் தெரியும். மாமாவிடம் மட்டும் சொன்னால் அக்காவுக்குத் தெரியும், அக்காவும் என் மனைவியும் தினம் ஒரு மணிநேரம் போனில் பேசுகிறவர்கள். ஆகவே நான் புள்ளியே வைக்கவில்லை. ஓட்டியது பதினாலு நாள், மட்கார்டில் இருந்தது ஏழு புள்ளி. கெட்டிக்காரன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன், மடையன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். சுற்றிவிட்டு, அதிர்வு தெரிகிறதா என்று ஸ்பிரிங்கில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து எண்ணினார். "ஏழு," என்றார்.

"ஆமா மாமா, ஏழு," என்றேன். அவர் என்னைக் கேட்கவேயில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மூன்றாவது ரவுண்டில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பேரிங் தளர்ந்தால் டிஸ்க் ஆடும், டிஸ்க் ஆடினால் பிரேக் பேடைத் தள்ளிவிடும், அடுத்த மிதி பள்ளத்தில் விழும். மாமா நூறு தடவை சொன்ன பாடம். வெளியே வந்திருக்கலாம். இன்னும் ரெண்டு ரவுண்டுதானே என்று ஒவ்வொரு பிரேக்குக்கும் பெடலை இரண்டு முறை மிதித்து ஓட்டினேன். நேர்ப்பாதையின் கடைசியில் பெடல் தரையைத் தொட்டது. ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய் மோதினேன். அதில் ஒன்று பறந்தது. கொடி காட்டிக்கொண்டிருந்த பெண் அதற்குத் தப்பக் குதித்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எனக்கு வெறும் தோள்பட்டை எலும்பு.

மத்தியானம் ட்ராக்கை நடத்துகிற கிளப்பின் ஆபீசில் எல்லாரும் கூடினார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த என் மனைவி என் பக்கத்தில் நின்று தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"காலைல இந்த வண்டியைப் பார்த்தது யாரு?" என்றார் கிளப் செயலாளர்.

"நான்தான்," என்றார் மாமா. "ஏழு புள்ளிதான். இன்னும் மூணு நாள் தாங்கியிருக்கணும். முன்னாடியே விட்டிருக்குன்னா காலைலயே ஆட்டம் இருந்திருக்கணும். என் கைக்குத் தெரியல."

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய்வரை வந்ததை மென்று முழுங்கினேன். மாமா அந்த மேல்சட்டையைக் கழற்றி, மடிப்பு கலையாமல் மடித்து, மேசைமேல் வைத்தார். மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாராம். நான் வீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு ஆரஞ்சுச் சாறு குடித்தேன்.

ஐந்து மாதம். அதற்குள் மாமா ஷெட்டைப் பாதிநாள் பூட்டியே வைத்தார். யாராவது வண்டி கொண்டுவந்தால், "எதுக்கும் இன்னொருத்தர்கிட்டயும் காட்டிருங்க," என்று சொல்லி அனுப்பினாராம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனில் அக்கா கேட்டால், வேலை, தலைக்குமேல் வேலை என்றேன்.

ஒருநாள் அக்கா விடாமல் கூப்பிட்டாள். போனேன். பட்டப்பகலில் மாமா சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டில் பழைய பேரிங்குகளும் புதியவையும். அக்கா ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுக்க, அவர் சுற்றிப் பார்த்து, "நல்லது," "போச்சு," "இது போகப்போகுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருபதுக்கு இருபது," என்றாள் அக்கா என்னிடம். "தினமும் இதே கூத்துதான். தப்பே வரல. ஆனா இவரு நம்ப மாட்டேங்கறாரு. நரம்பு டாக்டர்கிட்டகூடப் போயாச்சு."

"வீட்டுல சரியாத்தான் வருது மாப்ளே," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே. "அங்கதான் விட்டுட்டேன். நல்லவேளை, உன் உயிருக்கு ஒண்ணும் ஆகல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாமா, ஏழு இல்ல," என்றேன். "பதினாலு."

அவர் கண்ணைத் திறந்தார். "என்ன பதினாலு?"

எல்லாவற்றையும் சொன்னேன். லீவு, டார்ச், வைக்காத புள்ளி, இரண்டு முறை மிதித்தது. கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். ஓங்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

"பதினாலா?" என்றார். "அப்ப கிரீஸெல்லாம் ஏற்கெனவே உருகி ஓடியிருக்கும். காலைல ஆறின வண்டில ஆட்டமே இருந்திருக்காதே. சூடானப்புறம்தானே விட்டிருக்கும்?"

"ஆமா மாமா."

"அப்ப என் கை சரியாத்தான் சொல்லியிருக்கு?"

"சரியாத்தான் சொல்லியிருக்கு மாமா."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அக்காவிடம் இரண்டு கையையும் நீட்டி, "கேட்டியா? என் கை நல்லாத்தான் இருக்காம்! நல்லாத்தான் இருக்காம்!" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னியே மாப்ளே, ரொம்ப நன்றி," என்றார். என்னிடம், நன்றி.

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். என்னை வாசல்வரை கூட்டிவந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"கிளம்புடா," என்றாள். "அஞ்சு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் அந்த மனுஷன் சந்தோஷமா இருக்காரு. நான் இப்ப வாயைத் திறந்தா அதுவும் போயிடும்."