காய்ச்சல் வராத ஊசி

கொரோனா ஊசி போட்ட மறுநாள் எங்கள் தெருவே படுத்துவிட்டது. எனக்கும் அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி. தொண்ணூறு தாண்டிய என் அப்பா மட்டும் குளித்து, கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, ஊசி போட்ட கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஊசி ஏறலம்மா," என்றார்.

அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊருக்கு அம்மை குத்துகிறவர் வருவாராம். குத்திவிட்டுப் போய், ஒரு வாரம் கழித்து வந்து ஒவ்வொரு கையாகப் பார்ப்பாராம். கொப்புளம் எழும்பிக் காய்ச்சல் கண்டிருந்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் மறுபடி குத்து. அப்பா இன்னும் அந்தக் கணக்கிலேயே இருந்தார். இரண்டாவது ஊசிக்கும் காய்ச்சல் வராததும் முடிவே கட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? திண்டிவனத்தில் இருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டார். கூடப் பிறந்தவர்களில் அவருக்கு மிச்சம் அந்தத் தங்கை ஒருத்திதான். மாதம் தவறாமல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறுகிற மனுஷன், கல்யாணம் காட்சியென்று ஊரே கூட்டம் சேர ஆரம்பித்த பிறகும் அசையவில்லை.

"ஏறாத ஒடம்ப வெச்சிக்கினு போயி அவளுக்கு ஒட்ட வெச்சிட்டு வரச் சொல்றியா?" என்று என் மேலேயே பாய்ந்தார்.

அத்தை படுத்த படுக்கை. போனை எடுத்தால், "அண்ணன் எப்ப வருது?" என்பதுதான் முதல் கேள்வி. இதோ வரும், அதோ வரும் என்று பொய் சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது.

ஒருநாள் கோபம் தலைக்கேறி அவரை டாக்டரிடம் இழுத்துப்போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. "காய்ச்சல் வந்தாத்தான் ஊசி வேலை செய்யுதுன்னு இல்லீங்க ஐயா. வயசானவங்க நெறைய பேருக்கு வராது," என்றார்.

"அப்ப எனக்கு முழுசா ஏறியிருக்கா? அதச் சொல்லுங்க."

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க. வயசாக ஆக ஒடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியாத்தான் உண்டாகும், சீக்கிரமும் கொறைஞ்சிடும். ஆனா போடாம இருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். அதுக்குத்தான் பூஸ்டர் போடறோம். கூட இருக்கறவங்களையும் போட்டுக்கச் சொல்றோம்."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பாவம், என் கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. பூஸ்டர் போட்டுக்கொண்டார். சனியன், அதற்கும் காய்ச்சல் வரவில்லை.

சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சத்தியம் செய்து கூட்டிப்போனேன். சொன்னபடியே, மாஸ்க்கோடு அத்தையின் அறை வாசலில் நின்றுவிட்டார்.

"அங்கயே இன்னா நிக்கற? உள்ள வா," என்றார் அத்தை கட்டிலில் இருந்தபடி.

"எனக்குப் பாதிதான் ஏறியிருக்குதாம்மா. ஒனக்கு எதனா ஆயிட்டா?"

"எனக்கு மட்டும் முழுசா ஏறிச்சா? எனக்குந்தான் காய்ச்சல் வரல." அத்தைக்கு மூச்சு வாங்கியது. "நான் செத்தா மாலையத் தூக்கிக்கினு உள்ள வருவ இல்ல? இப்ப வெறுங்கையோட வா."

இத்தனை மாதம் நான் கத்தியும் கேட்காத மனுஷன், மறுபேச்சில்லாமல் உள்ளே போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.