மூன்றாவது பெட்டியில் வந்த வால்வு

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் அந்த லைன் வீட்டில் அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன பெரியவர், அவர் மகள், பக்கத்து வீட்டு அண்ணன், ஆக்சிஜன் மெஷினைப் பழுது பார்க்கப் போன நான். மகளின் கணவர் இல்லை. அவருக்கு வளைகுடாவில் வேலை. மெஷினுக்குத் தேவையான வால்வும் இல்லை.

அண்ணன் எங்கிருந்தோ தூக்கி வந்திருந்த சிலிண்டரில் முள் இறங்கிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பதைத் தாண்டாது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா, அக்கா?" என்று மகளிடம் கேட்டேன்.

"போன தடவை போய் வந்ததுக்கே நைனா பாதி ஆளாயிட்டாரு. இங்கயே இன்னா பண்ண முடியுமோ பண்ணுங்க தம்பி."

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு டெக்னீஷியனின் பையும் ஒரு ஸ்டோர். அதற்கென்று ஓர் எண் உண்டு. பாகத்தின் பெயரைப் போட்டால், எந்த ஊரில் யார் பையில் எத்தனை இருக்கிறது என்று போன் காட்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் திரை எனக்கு வியப்புதான். பெங்களூர் பெரிய ஸ்டோரில் இல்லை. வேலூரில் இல்லை. ஒயிட்ஃபீல்டில் ஒருவர் பையில் ஒன்று இருந்தது.

அதைத் தரச் சொல்லித் திரையில் கேட்டு அனுப்பிவிட்டு, அவரிடம் போனிலும் பேசினேன். முகம் பார்த்திராத மனிதர்.

"ஒந்தே இதெ, குரு," என்றார் கன்னடத்தில். ஒன்றுதான் இருக்கிறதாம். நாளை அவருக்கே தேவைப்படலாம். சிலிண்டரைப் பற்றிச் சொன்னேன். பிறகு திரையில் 'சம்மதம்' என்று வந்தது.

ஆனால் கூரியர் மறுநாள்தான் வரும்.

"கூரியர் எதுக்குப்பா?" என்றார் அண்ணன். தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருபவர்; அன்று லீவு. "சாயந்திர வண்டில மூணாவது பெட்டி எங்க செட்டு. அவர ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனுக்கு வந்து ஜன்னல்ல குடுக்கச் சொல்லு. செட்டுக்கு நான் போன் போட்டுடறேன்."

ஒயிட்ஃபீல்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு ஆட்டோவில் போய்க் கொடுத்தார். 'அனுப்பியாச்சு' என்று அழுத்தினார். இனி நான் 'வந்தது' என்று அழுத்தும் வரை அந்த வால்வு யார் கணக்கிலும் இல்லை. திரையில் 'வழியில்' என்று மட்டும் நின்றது.

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "சுரங்கத்துல அடி லெவல்ல லிஃப்ட்டு கேஜுக்கு நின்னது இல்லையா நாங்க? லேட்டானாலும் மேல தூக்கினு வந்துடும். நீ போய் ஸ்டேஷன்ல நில்லு."

வண்டி நின்றதும் மூன்றாவது பெட்டியின் வாசலுக்கு ஓடினேன். உள்ளே இருந்து ஒரு பொட்டலம் தலைகளுக்கு மேலே கைமாறி கைமாறி வந்தது. துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள்.

"பாத்துப் புடிப்பா. சீட்டு போடற எடத்துல இதத்தான் வெச்சினு வந்தோம். இன்னிக்கு ஒரு ஆட்டம் கூட ஆடல," என்றார் ஒருவர்.

"தோக்கறதுல இருந்து தப்பிச்ச," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

நன்றி சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அத்தனை பேரில் ஒருவருக்கும் பெரியவரைத் தெரியாது. பொட்டலத்தை மார்போடு பிடித்தபடி, வால் விளக்கு மறையும் வரை நின்றுவிட்டேன். பிறகுதான் ஓடினேன்.

வால்வை மாட்டியதும் மெஷின் மூச்சு விட ஆரம்பித்தது. மகள் குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றி மெஷினில் செருகினாள். பெரியவரின் தோள்கள் மெல்ல இறங்கின. நான் 'வந்தது' என்று அழுத்தினேன்.

வால்வுக்குக் காசில்லை, வாரண்டி இருந்தது. ரயிலில் வந்ததற்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒயிட்ஃபீல்டுக்காரரிடம் மகள்தான் விடாமல் கேட்டு, அவருடைய ஆட்டோ காசை அனுப்பினாள்: நூற்று நாற்பது ரூபாய்.