அமிர்தவள்ளி வீட்டு முள்

சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "இன்னா, கம்மியா கீது?" என்கிறாள் அமிர்தவள்ளி. கடைக்காரர் அலுத்துக்கொண்டே மறுபடி நிறுத்துக் காட்டுகிறார். எடை சரிதான். உடனே அவளுடைய சந்தேகம் தராசின் மேல் தாவிவிடுகிறது.

ஆம்பூருக்குப் பக்கத்தில், மலையடித் தெருவின் கடைசி வீடு அவளுடையது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துத் தைத்துக் கட்டிய வீடு. டாக்டர் எழுதும் மாத்திரை, மருமகள் காட்டும் மரியாதை என்று எதையும் அவள் லேசில் நம்புவதில்லை. தையலில் தப்பா, தோலில் தப்பா என்று காலமெல்லாம் பார்த்த கண் அப்படித்தான் இருக்கும் போலும்.

இந்த வருஷம் அந்தத் தெருவுக்கு அரசு நிதி வந்தது. மலையில் பற்றும் தீ வீடுகளுக்கு இறங்காதபடி, சுற்றிலும் உள்ள முள்ளையும் புதரையும் வெட்டி வெறும் தரையாக்க வேண்டும். கிராமக் குழுத் தலைவர் கோதண்டபாணி ஆள் வைத்து வெட்டினார். வெட்டிய முள்கட்டை பிரியாணிக்காரர்களின் அடுப்புக்கு வண்டியேறியது. அந்தக் காசு குழுவுக்கே என்றார். அமிர்தவள்ளி கேட்டுக்கொண்டாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

தன் வீட்டு முள்ளை அவள் வண்டியேற விடவில்லை. அத்தனையையும் தானே இழுத்து, பின்சுவரோடு ஜன்னல் உயரத்துக்கு அடுக்கி, காவலுக்குக் கட்டிலையும் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள்.

கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். "செவுத்துல சாத்தி வெச்சா வெட்டியே பிரயோஜனம் இல்லக்கா. ஒரு பொறி வுழுந்தா வூடு போய்டும்." வேண்டுமானால் எதிர்ப் பொட்டலில் தானே அடுக்கித் தருவதாகவும் சொன்னார்.

"அங்க வெச்சா நைட்டோட நைட்டா நீ ஏத்திக்கினு பூடுவ. எனக்குத் தெரியாதா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் மலை பற்றிக்கொண்டது. காற்று தெருப்பக்கம் திரும்பியது. பச்சைத் தழையால் அடித்தும் அடங்கவில்லை. மற்ற வீடுகளை நோக்கி வந்த நெருப்பு, வெறும் தரையில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அவிந்தது. அமிர்தவள்ளியின் அடுக்கில் மட்டும் பொறி விழுந்து புகைய ஆரம்பித்தது. ஐயோ, பாவி மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோதண்டபாணிதான் பாய்ந்து, வெறுங்கையால் கட்டைகளை உருவி உருவிப் பொட்டலில் எறிந்தார். அப்புறம் தெருவே சேர்ந்துகொண்டது. கட்டைகள் அங்கே கிடந்து எரிந்தன. சுவர் கறுத்ததோடு வீடு தப்பியது.

மறுநாள் காலையில் டீ போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவருடைய இரண்டு கைகளிலும் கட்டு. டம்ளரைப் பிடிக்க முடியாது.

"ஆறிதான் இருக்கும், குடுக்கா" என்றார்.

அதையும் அவள் நம்பவில்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஊதினாள். இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் டம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.