மணியன் பண்ணைக்குப் போடாத ஊசி

மல்லசமுத்திரம் கடைவீதியில் ஜெயபிரகாஷ் நடத்தும் பிராட்பேண்ட் ஆபீசில் அறிவுச்செல்விக்குப் புகார் கேட்கும் வேலை. போனை எடுப்பார், "எந்த ஊருங்க, யாரு ஊடுங்க?" என்பார், பேரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார், கோளாறு இருந்தால் லைன்மேனை அனுப்புவார். வயது நாற்பத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்பு திருச்செங்கோட்டில் டைப்ரைட்டிங் ஹையர் எழுதி முதல் வகுப்பில் தேறியவர். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தப்பாக அடித்த காகிதம் எதைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனா தானாக அவர் கைக்கு வந்துவிடும். என் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போனபோது, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று இடத்தில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய டிவி. அது நிறையப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சந்தாதாரர். லைன் அறுந்தால் புள்ளி சிவக்கும். இதைக் காட்டும் மென்பொருள் கடையில் வாங்கியதல்ல. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்தும் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் சரக்கு. சேலத்து நெட்வொர்க் இன்ஜினியர் ஜோயா வந்து நிறுவிக் கொடுத்திருந்தார்.

சந்தாதாரர் பேர்களை முதலில் ஏற்றியவர் ஜெயபிரகாஷ். அறிவுச்செல்வி வேலைக்குச் சேர்ந்த வாரமே அத்தனையையும் திருத்தினார். நாற்பதாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கும் மணியனின் பண்ணை 'மணியன்ஸ் பவுல்ட்ரி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த 'மணியன்ஸ்' முடியும் எஸ்ஸுக்கு முன்னால், மேலே நிற்க வேண்டிய அபாஸ்ட்ரபி என்ற சின்னக் கொக்கி இல்லை. போட்டார். கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டது. வம்பு வந்தது பேரைத் தேடும்போதுதான். கொக்கியோடு மணியன் பேரைத் தட்டினால் பண்ணை வராது. சிவப்புப் பட்டையில் நாலு வரி ஆங்கிலம்தான் வரும்.

"அந்தக் கொக்கிய எடுத்துட்டுத் தேடுங்கக்கா, வந்துரும்" என்றார் ஜெயபிரகாஷ்.

"எடுத்தா நெறைய மணியன்னு அர்த்தம் ஆயிருமுங்க. அவுரு ஒருத்தருதானுங்களே?"

மணியன் பண்ணையில் காமிரா, வெப்பமானி எல்லாம் அந்த லைனில்தான் ஓடின. லைன் அறுந்தால் இரண்டு நிமிடத்தில் போன் வரும். ஒவ்வொரு முறையும் அறிவுச்செல்வி கொக்கியோடு தட்டுவார், சிவப்புப் பட்டை வரும், பிறகு முந்நூறு பேர் கொண்ட பட்டியலைக் கையால் உருட்டி மணியனைப் பிடிப்பார். கொக்கியை மட்டும் விடவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, போன் குறைவாக இருந்த நேரத்தில், அந்த நாலு வரியையும் ஒரு தாளில் எழுதிப் பிழை பார்க்க உட்கார்ந்தார். மூன்றாம் வரியில் அவர் தட்டிய பேர் அப்படியே இருந்தது. அதன் இரு பக்கமும் கம்ப்யூட்டர் தானாக ஆளுக்கொரு கொக்கி போட்டிருந்தது. அதோடு மணியனின் கொக்கியும் சேர்ந்து மூன்று. திறந்த கொக்கிக்கு மூடும் கொக்கி வேண்டும். மூன்றில் ஒன்று அநாதையாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் போனை எடுத்து ஜோயாவைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, நான் தேடற பேருக்கு ரெண்டு பக்கமும் அதுவே கொக்கி போட்டுக்குது. நடுவுல என்ற கொக்கி வந்தா, பேரு அங்கியே முடிஞ்சுதுன்னு நெனைக்குது. மிச்சத்தக் கட்டளைன்னு எடுத்துக்குது. புரியாமத்தான் கத்துது. அதுக்குப் புரியற மாதிரி நெசமாவே ஒரு கட்டளைய அங்க எழுதுனா?"

அந்த மூன்றாம் வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார் ஜோயா.

"அக்கா, இத உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லுல. எண்ணிப் பார்த்தேன்."

ஜோயா தன் லேப்டாப்பில் அதே மென்பொருளின் ஒரு நகலை ஓட்டி, தேடும் கட்டத்தில் கொக்கிக்குப் பின்னால் ஒரு வரி கட்டளை எழுதிப் பார்த்தார். ஒரு பண்ணையின் விவரம் வரவேண்டிய இடத்தில், உள்ளே நுழைய உரிமை உள்ள எல்லார் பேரும் படிக்க முடியாதபடி உருமாற்றி வைத்த அவர்களுடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். இந்த முறை எடுத்தவர் ஜெயபிரகாஷ். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், இது எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன். பெரிய ஆபத்து. மணியன் பண்ணைலதான் கண்டுபிடிச்சது, ஆனா எல்லாப் பண்ணைக்கும் உண்டு. சரியாகற வரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க."

நெட் மெதுவாக வருகிறது என்று சொல்ல வந்திருந்த ஒரு தீவனக்கடைக்காரர் அப்போது எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புகாரைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஜோயா அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்: "டிவில ஓடற உங்க புள்ளி போர்டைப் பார்க்க வெளியாளுங்க யாருக்காவது பாஸ்வேர்டு குடுத்திருக்கீங்களா?"

ஜெயபிரகாஷ் முகம் வெளுத்தது. 'எங்கள் லைன் நிலவரத்தை நீங்களே பாருங்கள்' என்று விருந்தாளிப் பேரும் கடவுச்சொல்லும் அச்சடித்த நோட்டீஸ்களைச் சுற்றுவட்டாரக் கம்பங்களில் எல்லாம் போன மாதம்தான் ஒட்டியிருந்தார். ஜோயா மேற்கொண்டு சொல்லுமுன் ஒரு வாளித் தண்ணீரும் சுரண்ட ஒரு தகரமும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார்.

"அந்த விருந்தாளிப் பேரை இங்கிருந்தே நிறுத்திட்டா போதும்க்கா" என்றார் ஜோயா.

"நிறுத்திரு சாமி. அவுரு சுரண்டீட்டு வரட்டும்."

மென்பொருளை எழுதுகிறவர்களுக்குத் தனிக்கடிதம் போக வேண்டும் என்று ஜோயா விளக்கினார். இதே சரக்கு உலகத்தில் எத்தனையோ ஆபீசில் ஓடுகிறது. திருத்தம் வருமுன் ஊரறியச் சொன்னால் திருடனுக்குத்தான் வழி. கடிதத்தை அறிவுச்செல்வியே அடித்தார். ஜோயா சோதனை விவரத்தைச் சேர்த்து அனுப்பினார்.

இதற்குள் தீவனக்கடையிலிருந்து புறப்பட்ட சேதி புதுச்சத்திரம் வரைக்கும் போயிருந்தது. மணியன் கோழிகளுக்கு ஏதோ இன்ஜெக்ஷன், பெரிய ஆபத்து, சேலத்து டாக்டரம்மா வெளியே சொல்லக்கூடாது என்றிருக்கிறார். சனிக்கிழமை காலை முட்டை ஏற்ற வந்த லாரி பண்ணை வாசலில் நின்றது, ஏற்றவில்லை. பத்து மணிக்கு மணியன் ஆபீசுக்குள் வந்தார். கையில் முப்பது முட்டை கொண்ட அட்டை. அதை அறிவுச்செல்வியின் மேஜைமேல் வைத்தார்.

"இதுல எந்த முட்டைல ஊசி இருக்குதுன்னு காட்டு அம்மணி. நானும் பாத்துக்கறேன்."

"ஏனுங்ணா, அது கோழிக்குப் போட்ட ஊசி இல்லீங்ணா. கம்ப்யூட்டர் சமாச்சாரம்."

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு ஊசி? அதுக்கென்ன காச்சலா?"

அறிவுச்செல்விக்கு வாய் வரை வந்துவிட்டது. கொக்கி, கட்டளை, தேடும் கட்டம் எல்லாவற்றையும் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். ஆனால் மூச்சு விடக்கூடாது என்ற பேச்சு நடுவில் நின்றது. இவரோ ஒரு தப்பும் செய்யாமல் நாலு நாளாகத் தலைகுனிந்து திரிந்திருக்கிறார். ராத்திரிகூடக் காமிராவில் கோழிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம், நமக்குத் தெரியாமல் எவனாவது உள்ளே வருகிறானா என்று. அதைக் கேட்டபோது அறிவுச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போய் ஜோயாவைப் போனில் கேட்டார். எது ஓட்டை என்று சொல்லாமல், ஓட்டை கம்ப்யூட்டரில்தான் என்று மட்டும் சொல்லலாம் என்றார் ஜோயா.

உள்ளே வந்து, ஆபீஸ் தாளில் அடித்து, முத்திரை வைத்துக் கொடுத்தார்: 'மேற்படி இன்ஜெக்ஷன் முழுக்க முழுக்கக் கணினி சம்பந்தப்பட்டது. கோழிகளுக்கோ முட்டைகளுக்கோ யாதொரு தொடர்பும் இல்லை.'

மணியன் அதைப் பண்ணை கேட்டில் ஒட்டினார். நிலைமை இன்னும் மோசமானது. அதுவரை கேள்விப்படாதவர்களும் நின்று படித்தார்கள். ஒன்றுமில்லை என்றால் எதற்கு முத்திரை வைத்த காகிதம் என்று கேட்டார்கள்.

மதியம் அறிவுச்செல்வி, ஜெயபிரகாஷை அழைத்துக்கொண்டு நேராகப் பண்ணைக்கே போனார். முட்டை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ அனுப்பலாம் என்பது அவர் யோசனை. பண்ணைக்கு நடுவே நின்று இந்த முட்டையைச் சாப்பிட்டுக் காட்டுவது. சனிக்கிழமை அறிவுச்செல்வி முட்டை தொடமாட்டார். மணியன் தின்றால், சொந்த முட்டைதானே என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே அவரும் மணியனும் ஜெயபிரகாஷைப் பார்த்தார்கள்.

"ஸ்பீக்கர்ல போட்டது நீங்கதானுங்களே?" என்றார் அறிவுச்செல்வி.

அந்த வீடியோ எனக்கும் வந்தது. இரண்டே முக்கால் நிமிடம். ஜெயபிரகாஷ் ஆறு அவித்த முட்டையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்கிறார். நாலாவதில் விக்கல் எடுக்கிறது. "தண்ணி குடிச்சுக்கங்க" என்று அறிவுச்செல்வியின் குரல் கேட்கிறது. பின்னால் நாற்பதாயிரம் கோழி கத்துவதில் ஜெயபிரகாஷ் கொடுத்த விளக்கம் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்து முட்டை ஏற்றிக்கொண்டு போனது.

ஒன்பதாம் நாள் திருத்தம் வந்தது. ஜோயா அதை ஏற்றியதும் அறிவுச்செல்வி கொக்கியோடு மணியன் பேரைத் தட்டினார். பண்ணை வந்தது. அதே வாரம் அந்த ஓட்டைக்கு, மென்பொருள் ஓட்டைகளைப் பதியும் உலகக் கணக்கில் ஒரு எண் கொடுத்து, கண்டுபிடித்தவர்கள் என்று அவர் பேரையும் ஜோயா பேரையும் போட்டு அறிவிப்பு வெளியானது. எந்தப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் என்று மென்பொருளை எழுதுகிறவர்கள் அறிவுச்செல்வியை முன்னமே கேட்டிருந்தார்கள். புகார்ப் பிரிவு என்று பதில் எழுதியிருந்தார். அதையும் அப்படியே போட்டிருந்தார்கள்.

எண்ணைத் தாளில் எழுதிக் காட்டியபோது மணியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"வண்டி நெம்பரு மாதிரி இருக்குது. எந்த ஊரு ரிஜிஸ்ட்ரேசன்?"

"எல்லா ஊருக்குமுங்ணா."

இப்போது புதுப் பதிப்பு வெளியாகும் முன் அந்த ஆட்கள் ஒரு சோதனை நகலை அறிவுச்செல்விக்கு அனுப்பிவைக்கிறார்கள். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, போன் குறைவாக வரும் நேரத்தில் பார்க்கிறார். போன பதிப்பில் ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய ஆங்கிலத்தில் இருபத்தேழு பிழை கண்டுபிடித்து எழுதினார். இருபத்தைந்தை ஒப்புக்கொண்டு திருத்திவிட்டார்கள். மிச்சம் இரண்டைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.