கோட்டுக் கைக்குள் ஒரு தோடங்கிளை

அந்தக் கிளையை முறித்தவன் நான். நேசன் அண்ணை அல்ல.

இதை எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. அதற்குள் இந்தக் கதையைப் பகிடியாக, கேட்பவர் சிரிக்கும்படி மாற்றிச் சொல்லிவிடலாமா என்று பதினாறு விதமாக யோசித்தவன் நான். ஐம்பத்துமூன்று வயதில் மனிதனுக்கு வேறு வேலை இல்லை, பாருங்கள்!

எங்கள் கிழக்கு லண்டன் தோட்டக் குழு வசந்த காலம் வந்தால் ஒரு சுற்றுலா போகும். போன வருடம் இத்தாலியின் தென்கரை. நாட்டுப்புறத்து வீடுகளின் சொந்தத் தோட்டங்கள். வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான் கதவு திறக்கும். பதினெட்டுப் பேரில் தமிழர் இருவர். ஒருவர் இல்ஃபோர்ட் நேசன் அண்ணை. முப்பது வருடம் பெட்ரோல் நிலையத்தில் நின்று உழைத்து ஓய்ந்தவர். வருடம் முழுவதும் அவர் காத்திருப்பது இந்த ஐந்து நாள்களுக்காகத்தான். மற்றவன்... நான்.

இரண்டாம் நாள் ஒரு விதவை அம்மாளின் தோட்டத்துக்குப் போனோம். மலைச்சரிவில் படிப்படியாக எலுமிச்சை, ஒலிவ், கற்சுவர், கீழே கடல். வாசலிலேயே ஒரு மரத்தைக் காட்டி அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் வரிசையின் கடைசியில் நின்று யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

எல்லோரும் எலுமிச்சைச் சாறு குடிக்க மேலே ஏறினார்கள். நான் பின்தங்கினேன். அந்த மரம் என்னைப் பார்த்தது... இல்லை, நான்தான் பார்த்தேன். பழியை மரத்தின் மேல் போடுவானேன்!

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? நல்ல செடி கண்டால் ஒரு தடி முறித்துப் பைக்குள் வைக்காமல் வரமாட்டோம். கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காதாம். களவாக எடுத்தால்தான் தழைக்குமாம்! என் வீட்டுச் செம்பருத்தி அப்படி வந்தது. கேட்டிருந்தால் அந்த அம்மாள் தந்திருப்பார் என்பது இப்போது தெரிகிறது.

விரல் நீளத் துண்டுதான் வேண்டியிருந்தது. வளைத்தேன். ‘சடக்’ என்று முழங்கை நீளக் கிளையே அடியோடு கையில் வந்துவிட்டது! என்ன செய்வேன்? திருப்பி ஒட்டிப் பார்த்தேன். ஆம், மரத்தில் வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் நின்றேன். அவ்வளவு அறிவு! பிறகு கோட்டுக் கைக்குள் செருகினேன். முள். முழங்கை மடங்கவில்லை. பொம்மைப் படைவீரனைப்போல் கையை விறைத்துக்கொண்டு படியேறினேன்.

திரும்பி வரும்போதுதான் அந்த அம்மாள் மரத்தில் கிளை முறிந்த இடத்தைக் கண்டார். வாயைப் பொத்திக்கொண்டார். குழுத் தலைவி மார்கரெட் எங்களுக்கு மறுபடி விளக்கினார்: எலுமிச்சை மரத்தில் அந்த அம்மாளின் கணவர் ஒட்டிவைத்த தோடங்கிளை, ஆரஞ்சுக் கிளை அது. அவர் இறந்தபின் இந்த வருடம்தான் முதன்முதலாகப் பூத்ததாம்.

“யார்?” என்றார் மார்கரெட்.

என் தோள்வரை முள் குத்தியது. அப்போது என் வாய் தானாகத் திறந்தது... தானாகவா? இன்றுவரை விளங்கவில்லை எனக்கு.

“நேசன் அண்ணையின் பையைப் பாருங்கள்,” என்றேன் ஆங்கிலத்தில். “சாமிக்குப் பூ வைக்காமல் தேநீர்கூடக் குடிக்காத மனிதர் அவர்!”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டினார். உள்ளே கைக்குட்டையில் பொதிந்து, ஒரு பிடி வெள்ளைப் பூ. அந்தத் தோடம்பூ!

சிரிப்பு நின்றது.

“நிலத்தில... நிலத்தில கிடந்தது,” என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று தரம் சொன்னார். அந்த அம்மாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் கணத்தில் கையை மடக்கியிருந்தால் போதும். ஒரு சிறு அசைவு! கிளை வெளியே விழுந்திருக்கும். நான் மடக்கவில்லை. பெருந்தெருக் கழிப்பறைக் குப்பைத் தொட்டியில்தான் அது விழுந்தது.

மற்ற மூன்று நாளும் அண்ணை எந்தத் தோட்டத்திலும் இறங்கவில்லை. பேருந்திலேயே இருந்தார். இந்த வருடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. “அவருக்கும் சங்கடமாக இருக்கும்,” என்றார் மார்கரெட் மிக மரியாதையாக.

போன மாதம் துணிந்து இல்ஃபோர்ட் போனேன். அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா ரோல்ஸ் பொரித்து வைத்தார். நான் தொடவில்லை.

“அண்ணை, அந்தக் கொப்பை முறிச்சது நான்தான்.”

“உனக்கு எதிலயடா பகிடி இல்லை?”

“பகிடி இல்லை அண்ணை. சத்தியமா!”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. குசினி அடுப்படியில் நின்ற அக்காவைக் கூப்பிட்டார். “இஞ்சரும், இதைக் கேளும்! இவன் என்ரை பழியைத் தான் சுமக்கப் போறானாம்!”

“ஐயோ, இல்லை அண்ணை...”

“மார்கரெட்டிட்டை போய் உப்பிடிச் சொல்லிப்போடாதை. உன்ரை பேரும் கெட்டுப்போகும். ஒருத்தன் பட்டது காணும்.”

அக்கா என் தலையைத் தடவிவிட்டு இன்னும் இரண்டு ரோல்ஸ் வைத்தார். நான் தின்றேன். நான்கையும் தின்றேன்!

அவர் நம்பவில்லையா? அல்லது எல்லாம் தெரிந்துதான் என்னை விட்டுவிட்டாரா? “ஒருத்தன் பட்டது காணும்”, ஒருவன் பட்டதே போதும் என்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். இரண்டில் எதை நான் அதிகம் விரும்புகிறேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. இல்ஃபோர்ட் தமிழர்களிடையே இப்போது நான் தங்கமான பிள்ளை. அண்ணையே சொல்லித் திரிகிறார்.

மார்கரெட்டுக்கு மின்னஞ்சல் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு பகிடி. அழித்து எழுதினேன். மூன்று பகிடி! அனுப்பவில்லை. அண்ணையே வேண்டாம் என்றாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை விமானம். இம்முறை ஸ்பெயின் பக்கம். அண்ணையின் இடத்தில் வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு பல் வைத்தியர் வருகிறார். நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

“வடிவான பூ ஏதும் கண்டால் எனக்கொரு படம் எடுத்து அனுப்படா. கிட்டப் பிடிச்சு எடு, என்ன?”

“ஓம் அண்ணை,” என்றேன். “கட்டாயம் அனுப்புறன்.”