அரைக்குரல் ஜெரால்ட்

உதட்டைக் குவித்து, முத்தம் கொடுக்கிற மாதிரி ‘ப்ச், ப்ச்’ என்று ஒலி எழுப்பித்தான் ஜெரால்ட் டீ கேட்பார். யாங்கோன் டீக்கடைகளில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் மின்சாரம் போய், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அவர் தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கினால் மற்றவர்கள் தொண்டையைத் திறந்து கத்துவார்கள். ஜெரால்டுக்கு அப்போதும் ப்ச், ப்ச்தான். டீ வராவிட்டால் குடிக்காமலே எழுந்து போவார். ஐரோப்பாவில் ஓபரா பாடிவிட்டு வந்த மனிதர், பர்மிய மரியாதையில் ‘ஊ ஜெரால்ட்’ என்று தெருவே அழைக்கிறவர், ஒரு டீக்குக் குரல் கொடுக்க மாட்டேன் என்கிறாரே என்று தெரு யோசித்தது. யோசித்த தெரு சும்மா இருக்குமா? அவருக்குக் குரல் போய்விட்டது, சாவு வீடுகளில் வாயை மட்டும் அசைக்கிறார், பாட்டு மைக்செட் பெட்டியிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டிவிட்டது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் காஜா மைதீன். அந்த வட்டாரத்தில் எந்த மதத்துக்காரர் பிறந்தாலும் இறந்தாலும் மைக்செட் அவருடையது. விசாரித்தால் சத்தியமே செய்கிறார். “பாட்டு ஊ ஜெரால்டோடதுதாங்க. ஆனா அது பாட்டில்ல, காதுல சொல்ற ரகசியம். மைக்கத் திருகித் திருகி எனக்கு விரல்தான் தேஞ்சு போச்சு.”

ஆக, வதந்தியில் பாதி பொய். மீதிப் பாதிக்கு ஜெரால்டின் தொழிலைப் பார்க்க வேண்டும்.

ஓபராவில் உச்சிக்குரல்காரனுக்குக் காதலி கிடைப்பாள். அடிக்குரல்காரன் அரசனாகவோ குருவாகவோ வருவான். நடுவில் பாடுகிற பாரிடோனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அந்தக் காதலைக் கெடுக்கிற தகப்பன் வேடம். ஜெரால்டுக்கு அந்தத் தகப்பன்கூடச் சொந்தமாகக் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு சிறிய நகர அரங்கில் அவர் மாற்றாள். தகப்பன் வேடக்காரர் படுத்துக்கொண்டால் மேடையேற வேண்டியவர். மற்ற நாட்களில் ஊர்மக்களாக வருகிற கூட்டத்தில் ஒருவராக நின்று பாடுவார். ஒத்திகைகளில் மட்டும் தகப்பன் பாட்டை அரைக்குரலில் பாடிப் பார்ப்பார். தொண்டையைக் காப்பாற்ற ஒத்திகையில் அரைக்குரல் போதும், முழுக்குரல் மேடையேறும் நாளுக்கு என்பது அங்கே தொழில்முறை.

அந்த நாள் வரவில்லை. தகப்பன் வேடக்காரர் கொட்டும் பனியில் தொப்பியில்லாமல் நடந்தார். ஒரு தும்மல்கூடப் போடவில்லை. “குதிரைங்க அது,” என்பார் ஜெரால்ட். “அவருக்காகத் தினம் ஜெபம் பண்ணினேன். என்ன ஜெபம்னு மட்டும் கேக்காதீங்க.” அங்கே போன முதல் வாரம் ஓர் உணவகத்தில் ப்ச், ப்ச் என்று கூப்பிட்டுப் பரிமாறும் பெண்ணிடம் கன்னத்தில் வாங்கினார். அவருக்கென்று தனியாக விழுந்த கைதட்டு அந்த ஊரில் அது ஒன்றுதான்.

அரங்கம் ஆளைக் குறைத்தபோது ஊர் திரும்பினார். இன்று நகரின் வடக்கே இன்சீனிலிருந்து ஆற்றுக்கு அக்கரைக் கியாக்தான் வரை கிறிஸ்தவ வீடுகளில் யார் கண்ணை மூடினாலும் அவருக்கு அழைப்பு போகிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், அரைக்குரலில் பாடிவிட்டு, தூங்கிக்கொண்டே திரும்புகிறார். முழுசாகப் பாடினால் என்ன என்று கேட்டால், “இதெல்லாம் ஒத்திகைதானே,” என்கிறார். சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவருக்கு அது ஒத்திகை இல்லை என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

முழுக்குரல் வேறொருவருக்குப் பாக்கி. ரயில் பாதையோரம் தையல் மிஷினோடு குடியிருக்கும் இருதயம்மாள், ஜெரால்ட் வெளிநாடு புறப்பட்டபோது, பட்டறை வேலையில் இருந்து இறந்துபோன தன் கணவரின் கறுப்புக் கோட்டைப் பிரித்து அவர் அளவுக்குத் தைத்துக் கொடுத்தவர். காசு வாங்கவில்லை. பெரிய வேடம் கட்டிவிட்டு வா, வந்து அந்த வேடத்துப் பாட்டை எனக்கு முழுசாகப் பாடிக் காட்டு, அதுதான் கூலி என்றார். வேடமும் வரவில்லை, கூலியும் போகவில்லை. அந்தக் கோட்டைத்தான் ஜெரால்ட் இந்த வெயிலிலும் சாவு வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு அலைகிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோட்டோடு அப்படியே இருதயம்மாள் வீட்டுக்குப் போவார். தொண்டை கட்டியிருக்கிறது, ஜெனரேட்டர் சத்தம் என்று ஏதாவது சொல்லிவிட்டு வருவார்.

போன ஞாயிறு வதந்தி அவருக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

“ஒரு காது போயிருச்சு தம்பி, இன்னொன்னும் மூட்டை கட்டுது,” என்றார் இருதயம்மாள். “உனக்குத் தொண்டயே போயிருச்சாமே, நெசமா?”

அது ஜெரால்டுக்கே தெரியாது. சேர்த்து வைத்த குரலைத் திறந்து பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்றால் இத்தனை வருடம் எதைக் காத்தோம் என்று ஆகிவிடும். ஜெனரேட்டர் ஓயட்டும் அக்கா என்று கையைக் காட்டிச் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, “மீ வந்துருச்சு” என்று யாரோ கரண்டைப் பர்மியப் பேரில் கூவ, விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு ஜெனரேட்டராக அடங்கியது. மின்சாரம் வந்ததற்காக யாங்கோனில் ஒரு மனிதர் வருந்தியது அன்றுதான். நல்லவேளையாக ஊரைச் சுற்றும் வட்ட ரயில் ஒன்று இரைந்தபடி வந்தது. அதுவும் எவ்வளவு நேரம்தான் போகும்?

எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். கால்களை அகற்றி நின்று, கண்ணை மூடி, மகளைத் தொலைத்த தகப்பனின் பாட்டைத் தொடங்கினார். முதல் சுரம் துருப்பிடித்த கேட் மாதிரி கிரீச்சிட்டது. இரண்டாவதில் வழி விட்டது. அப்புறம் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நிலோஃபர் ஈரத் துணியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுவிட்டாள். தெருமுனையில் காஜா மைதீன் தன் பெட்டிகளில் எது தானாகப் பாடுகிறது என்று ஓடிப் போய்ப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. வியர்வை கண்ணில் இறங்க ஜெரால்ட் விழித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்திருந்த இருதயம்மாள் பொறுமையாகத் தலையாட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஒத்திகை போதும் தம்பி. இனி முழுசாப் பாடு.”

எதிர்மாடியிலிருந்து நிலோஃபர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெரால்ட் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பிறகு முக்காலியை நகர்த்தி வழி செய்துகொண்டு, கொஞ்சம் மிச்சமிருக்கும் அந்தக் காதின் பக்கமாகப் போய் நின்று, கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி போடத் தொடங்கினார்.